பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நம் ஆளாகிவிடுமா?

(ஜோகூர் மாநிலத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக நாம் கூடினால் தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், தோட்டத்து வீடு, சிவப்பு அடையாள அட்டை என்றுதான் பேசுவோம். இன்று நான் பேச வந்திருப்பது உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியைப் பற்றி. அதில் உங்கள் பெயரைச் சொல்லி, உங்களுக்கென்றே எழுதியது போல வந்து விழுகின்ற செய்திகளைப் பற்றி.

"இதில் என்ன ஐயா உரிமைப் பிரச்சினை இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. உங்கள் சேமிப்பு, உங்கள் வேலை, அரசாங்க உதவித் தொகை, உங்கள் தாய்மொழி, இத்தனையும் இன்றைக்கு அந்தச் சிறு திரை வழியாகத்தான் உங்களிடம் வருகின்றன. அதன் வழியாகத்தான் உங்களை விட்டும் போகின்றன. பாசிர் கூடாங்கில் இரவு வேலை முடித்து வரும் சகோதரரும், விடிவதற்கு முன்பே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் சகோதரியும், குளுவாங்கில் பேரப் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் பாட்டியும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிராணியும் கணினியும்

முதலில் இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வோம். புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அந்தக் காலத்துத் தோட்ட அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். அச்சடித்த தாள்கள் கட்டுக் கட்டாக இருக்கும். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். நடுவில் பெயருக்கும் தேதிக்கும் தொகைக்கும் மட்டும் இடம் விட்டிருப்பார்கள். கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து அந்த இடங்களை நிரப்புவார். தாள் உங்கள் கைக்கு வரும்போது அது உங்களுக்காகவே எழுதிய கடிதம் போலத் தோன்றும்.

இன்று அந்தக் கிராணியின் வேலையைக் கணினி செய்கிறது. ஒரு பக்கம் வாசகம்: "அன்புள்ள ______, உங்கள் ______ மாதத் தவணை ______ ரிங்கிட் இன்னும் செலுத்தப்படவில்லை." இன்னொரு பக்கம் பட்டியல்: பெயர், கைப்பேசி எண், அடையாள அட்டை எண், தொகை, தேதி. மென்பொருள் இரண்டையும் சேர்த்துத் தைக்கிறது. பத்துப் பேருக்கும் பத்தாயிரம் பேருக்கும் அதற்கு ஒரே வேலைதான். எப்போது அனுப்ப வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறார்கள். தவணைத் தேதி தாண்டினால் ஒரு செய்தி. பிறந்த நாள் வந்தால் ஒரு வாழ்த்து. தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம். கடையில் ஒரு மாதம் சாமான் வாங்காமல் இருந்தால், "உங்களைக் காணவில்லையே" என்று ஓர் அன்பான விசாரிப்பு.

இவற்றில் எதையும் ஒரு மனிதர் உட்கார்ந்து உங்களை நினைத்து எழுதவில்லை. கிராணியிடம் "ஐயா, இந்தக் கணக்குத் தப்பு" என்று சண்டை போட முடிந்தது. இந்தச் செய்திகளில் பலவற்றின் அடியில் "இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. பேசுவதற்கு வாய் வைத்தவர்கள், கேட்பதற்குக் காது வைக்கவில்லை.

இது எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போன அடுத்த நிமிடமே செய்தி வந்தால் நல்லதுதான். மருத்துவமனைத் தேதியை ஞாபகப்படுத்தினால் நல்லதுதான். கொரோனா காலத்தில், 2021இல், தடுப்பூசித் தேதி மைசெஜாத்ரா செயலியிலும் குறுஞ்செய்தியிலும்தான் பலருக்கு வந்து சேர்ந்தது. கருவி மீது நமக்குக் கோபம் இல்லை. அது யார் கையில் இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

நம் பெயரே அதற்குப் புரியவில்லை

நம் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் "கவிதா ஏ/பி முனியாண்டி" என்று இருக்கிறது. ஏ/பி என்றால் அனாக் பெரம்புவான், மகள். ஏ/எல் என்றால் அனாக் லெலாக்கி, மகன். முனியாண்டி என்பது அப்பாவின் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது.

ஆனால் உலகத்தின் பல மென்பொருள்கள் வெள்ளைக்காரர் பெயர் வைக்கும் முறையில் கட்டப்பட்டவை. முதல் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, "அன்புள்ள முனியாண்டி" என்று மகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்த அப்பா காலமாகி ஐந்து வருடம் ஆகியிருக்கலாம். நடுவில் இருக்கும் சாய்வுக் கோட்டை ஏற்றுக்கொள்ளாத படிவங்களும் உண்டு. ஓரிடத்தில் ஏ/பி இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. லட்சுமி என்ற ஒரே பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் வங்கியில் வேறு விதமாகவும் எழுதி வைத்திருப்பார்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் கணினி உங்களை வேறு ஆள் என்று ஒதுக்கிவிடும். வர வேண்டிய பணம் நின்றுவிடும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதே, நம்மை நன்றாகத் தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அதற்குத் தெரிந்தது பட்டியல் மட்டும்தான்.

திருடன் கையிலும் அதே பட்டியல்

பட்டியல் வங்கியிடமும் தொலைபேசி நிறுவனத்திடமும் மட்டும் இருந்தால் பரவாயில்லை. 2017 அக்டோபரில் லோயாட் இணையத்தளம் ஒரு செய்தியை வெளியிட்டது. மலேசியாவில் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்துவிட்டன என்பதுதான் அது. அப்போது நம் நாட்டு மக்கள்தொகை ஏறக்குறைய 32 மில்லியன். மக்களைவிடக் கைப்பேசி எண்கள் அதிகம் என்பதால் கணக்கு அப்படி. பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன.

அடையாள அட்டை எண் சாதாரண எண் அல்ல. முதல் 6 இலக்கம் உங்கள் பிறந்த தேதி. அடுத்த 2 இலக்கம் பிறந்த இடம். 01 என்றால் ஜோகூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அந்த 12 இலக்கம் ஒருவன் கையில் கிடைத்தால் உங்கள் வயது, ஊர், பாலினம் மூன்றும் அவனுக்குத் தெரியும். பெயரில் ஏ/எல், ஏ/பி இருப்பதால் நீங்கள் இந்தியர் என்பதும் தெரியும்.

இனி அவன் செய்வதும் அதே கிராணி வேலைதான். அதே மாதிரி வாசகம், அதே மாதிரி வெற்றிடம், அதே மாதிரி மென்பொருள். "திருமதி கவிதா, உங்கள் ரஹ்மா உதவித் தொகைக்கு அனுமதி கிடைத்துவிட்டது, இந்த இணைப்பை அழுத்துங்கள்." "உங்கள் மீது போலீஸ் சம்மன் இருக்கிறது." "உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படுகிறது." செய்தியில் முழுப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியாக இருப்பதைப் பார்த்தவுடன் நம் தாய்மார்கள் நம்பிவிடுகிறார்கள். சரியாக இருப்பதே ஆபத்து என்று இனி நினையுங்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்தது

நம்மில் பலருக்குச் சிங்கப்பூரில் சம்பளக் கணக்கு இருக்கிறது. ஆகவே, அங்கே நடந்ததை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள்.

2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. உங்கள் கணக்கில் சிக்கல், உடனே இந்த இணைப்புக்குப் போய்ச் சரிசெய்யுங்கள் என்று அவை கூறின. வங்கி வழக்கமாக அனுப்பும் உண்மையான செய்திகள் எந்த வரிசையில் இருந்தனவோ, அதே வரிசையில், அதே பெயரின் கீழ் இந்தப் பொய்ச் செய்தியும் வந்து உட்கார்ந்தது. பார்த்தவர்களுக்கு எப்படிச் சந்தேகம் வரும்? மொத்தம் 790 பேர் ஏமாந்தார்கள். போன பணம் 13.7 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. பிறகு வங்கி நல்லெண்ண அடிப்படையில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? குறுஞ்செய்தியின் தலையில் வரும் பெயர், அனுப்புகிறவர் தாமே எழுதிக்கொள்ளும் பெயர். தபால் உறையின் பின்பக்கம் யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? அதே கதைதான். ஒரே பெயர் இருந்தால் கைப்பேசி எல்லாவற்றையும் ஒரே கட்டில் போட்டுவிடும். உறையைப் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

சிங்கப்பூர் அரசு இதற்கு ஒரு வேலி போட்டது. 2023 ஜனவரி 31 முதல், பெயர் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் அந்தப் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாத பெயரில் வந்தால் "மோசடியாக இருக்கலாம்" என்ற முத்திரை விழும். நம் நாட்டிலும் சில நடவடிக்கைகள் வந்தன. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணை விட்டுப் பாதுகாப்பான வேறு வழிக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் தேசிய மோசடி எதிர்ப்பு மையம் தொடங்கியது. அதன் எண் 997. 2023 மே 2 முதல், தனி நபர்கள் அனுப்பும் குறுஞ்செய்தியில் இணையத்தள இணைப்பு இருந்தால் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்கத் தொடங்கின.

இவை நல்லவை. ஆனால் குறுஞ்செய்திக் கதவை மூடினால் திருடன் வாட்ஸ்அப் கதவைத் தட்டுகிறான், டெலிகிராம் கதவைத் தட்டுகிறான். இப்போது கணினியே மனிதக் குரலில் பேசுகிறது. உங்கள் மகன் குரலைப் போலவே பேசவும் அதற்குப் பழக்கிவிடலாம். வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும், வீட்டுக்காரருக்கு விழிப்பு வேண்டும்.

பயந்துபோய் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள்

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பொய்ச் செய்திக்குப் பயந்து பலர் வருகிற எல்லாச் செய்தியையும் படிக்காமலேயே அழித்துவிடுகிறார்கள். இது இரண்டாவது ஆபத்து. முதல் ஆபத்தில் பணம் போகும். இதில் உரிமை போகும்.

தொழிற்சாலைகளில் இப்போது வேலை அட்டவணை, எச்சரிக்கை, வேலை நிறுத்த அறிவிப்பு எல்லாம் செயலியிலோ வாட்ஸ்அப்பிலோ வருகின்றன. உங்களை வேலையை விட்டு நிறுத்தியதாக ஒரு செய்தி வந்தால் அழிக்காதீர்கள். அதுவே உங்கள் ஆதாரம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தில் வேறு காலம் எழுதப்படாவிட்டால், 2 வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், 2 முதல் 5 வருடத்துக்குள் 6 வாரம், 5 வருடமும் அதற்கு மேலும் செய்தவருக்கு 8 வாரம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். காரணமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று நினைத்தால், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாட்களுக்குள் தொழில் உறவுத் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். அறுபத்தோராம் நாள் போய் அழுதால் கதவு மூடியிருக்கும்.

"செய்தி மலாய் மொழியில் இருந்தது, என்னவென்று புரியவில்லை, பேரன் வந்ததும் காட்டலாம் என்று வைத்திருந்தேன்." பெரியவர்கள் இப்படிச் சொல்வதை நாம் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்? பேரன் வருவதற்குள் தேதி போய்விடுகிறது. இதுதான் என்னை மொழிப் பிரச்சினைக்கு இழுத்து வருகிறது.

தமிழில் ஏன் வருவதில்லை?

பெயரைப் பொருத்தத் தெரிந்த கணினிக்கு மொழியைப் பொருத்தத் தெரியாதா? தெரியும். பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்: "எந்த மொழியில் செய்தி வேண்டும்?" மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ். உங்கள் பெயருக்கு நேரே தமிழ் என்று இருந்தால் தமிழ் வாசகத்தை எடுத்து நிரப்பும்.

செலவு ஆகும் என்று சொல்வார்கள். அதிலும் ஒரு காலத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஒரு குறுஞ்செய்தியில் மலாய், ஆங்கில எழுத்து 160 வரை போகும். தமிழ் எழுத்து என்றால் 70தான். அதுவும் கணினி எண்ணும் முறை வேறு. "வணக்கம்" என்ற சொல்லில் நாம் 5 எழுத்துப் பார்க்கிறோம். கணினி புள்ளிகளையும் தனியாக எண்ணி 7 என்கிறது. ஆகவே மலாய் மொழியில் ஒரு செய்தியில் முடிவது தமிழில் இரண்டு மூன்று செய்தியாகிவிடும். ஆனால் வாட்ஸ்அப்பிலும் செயலியிலும் இந்த 70 எழுத்துக் கட்டுப்பாடு இல்லை. பெரும்பாலான செய்திகள் இன்று அந்த வழிக்குப் போய்விட்டன. பழைய சாக்கு இன்று செல்லாது.

தொழில்நுட்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்த "செல்லினம்" 2005ஆம் ஆண்டு பொங்கல் நேரத்தில் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அதைச் செய்தவர் யார்? முரசு அஞ்சலை உருவாக்கிய நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். உலகத் தமிழருக்குக் கைப்பேசித் தமிழைக் கொடுத்த நாட்டிலே, தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு தாய்க்கு அவருடைய உதவித் தொகை அறிவிப்பு தமிழில் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் கணினி அல்ல, மனம்.

தேசிய மொழிக்கு எதிராகப் பேசுகிறோம் என்று யாரும் திரித்துவிடக் கூடாது. மலாய் மொழி நம் தேசிய மொழி. நம் பிள்ளைகள் அதை நன்றாகப் படிக்க வேண்டும். நாம் கேட்பது கூடவே தமிழும் வேண்டும் என்று. இதற்குச் சட்டம் தடையா? தேசிய மொழிச் சட்டம் 1963/67ஐ எடுத்துப் பாருங்கள். பொது நன்மைக்குத் தேவை என்று கருதும்போது, அரசாங்க ஆவணங்களையும் தகவல்களையும் நாட்டின் மற்றச் சமூகங்களின் மொழியில் மொழிபெயர்த்துப் பயன்படுத்த மத்திய, மாநில அரசுகளுக்கு உள்ள உரிமையை அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அப்படியே விட்டு வைத்திருக்கிறது. கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே போகச் சொல்லித்தான் கேட்கிறோம்.

சட்டம் கொடுப்பதும் கொடுக்காததும்

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒரு சட்டம் இருக்கிறது. 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தச் சட்டப்படி, உங்களைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நிறுவனத்தைக் கேட்கலாம். அவர்கள் 21 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பெயரோ எண்ணோ தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 43ஆம் பிரிவின்படி, விளம்பரச் செய்தி அனுப்புவதை நிறுத்துங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். நிறுத்தாவிட்டால் ஆணையரிடம் புகார் செய்யலாம். ஆணையர் சொல்லியும் நிறுத்தாவிட்டால் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 2024இல் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜூன் 1 முதல், விவரம் கசிந்தால் நிறுவனம் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய பாதிப்பு வரும் என்றால் உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

இனி கொடுக்காததைப் பாருங்கள்.

ஒன்று: இந்தச் சட்டம் மத்திய அரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. நம் விவரங்களை அதிகமாக வைத்திருப்பது யார்? அரசாங்கம். அதன் மேல் இந்தச் சட்டத்தின் கை நீளாது.

இரண்டு: இது வாணிபத் தொடர்புள்ள விவரங்களுக்கு மட்டும். ஓட்டுக் கேட்டு வரும் செய்தி வாணிபம் ஆகுமா? 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்தார்கள். அவர்கள் வாக்களித்த முதல் தேர்தலே நம் ஜோகூர் சட்டமன்றத் தேர்தல்தான், 2022 மார்ச் 12. அரசியலுக்கு இந்தக் கருவி புதிதல்ல. 2004 இந்தியப் பொதுத்தேர்தலிலேயே அன்றைய பிரதமர் வாஜ்பாயின் பதிவு செய்த குரல் வீட்டுத் தொலைபேசிகளில் ஒலித்தது. 2021 ஏப்ரலில் நடந்த புதுச்சேரித் தேர்தலுக்கு முன்பு, ஆதார் அட்டையோடு சேர்ந்த கைப்பேசி எண்களுக்கு மட்டும் பாஜகவின் செய்தி வருகிறது, தொகுதி வாரியாக வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போனது. கட்சி மறுத்தது, விவரம் எதுவும் கசியவில்லை என்று ஆதார் ஆணையமும் சொன்னது. ஆனாலும் குற்றச்சாட்டைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு விசாரிக்கும்படி நீதிமன்றம் சொன்னது. அங்கே ஒரு குடிமகன் நீதிமன்றத்துக்குப் போனதால் கேள்வி எழுந்தது. நம் பக்கம் யார் கேட்டார்கள்?

மூன்று: உங்கள் விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று நிறுவனம் கொடுக்க வேண்டிய அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று 7ஆம் பிரிவு கூறுகிறது. தமிழில் கொடுக்க வேண்டும் என்று இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பாட்டி, தனக்குப் புரியாத தாளில் கையெழுத்துப் போட்டுத் தன் பெயரைப் பட்டியலுக்குக் கொடுக்கிறார். சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். புரியாமல் கொடுத்தது சம்மதமா?

பட்டியலிலேயே இல்லாதவர்கள்

செய்தி அதிகமாக வருகிறது என்று நாம் புலம்புகிறோம். ஒரு செய்தியும் வராதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு வயதாகிப்போனவர்கள். எந்த அட்டையும் இல்லாத இளைஞர்கள். எந்த அட்டையும் இல்லாதவர்கள் பெயரில் கைப்பேசி எண் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. ரஹ்மா உதவித் தொகை குடிமக்களுக்குத்தான். கணினிக்கு அவர்கள் பிறக்கவே இல்லை.

உதவிகள் எல்லாம் பட்டியலையும் செயலியையும் நம்பிப் போகிற காலத்தில், பட்டியலில் இல்லாதவர் முன்பைவிட ஆழமாகப் புதைந்துபோகிறார். முன்பு அலுவலகத்தில் போய் நின்றால் ஒருவராவது முகத்தைப் பார்ப்பார். இனி "செயலியில் பதிந்துவிட்டீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. குடியுரிமைப் போராட்டமும் இந்தக் கைப்பேசிப் பிரச்சினையும் வேறு வேறு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை

1. செய்தியில் வரும் இணைப்பை அழுத்தாதீர்கள். அதில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். வங்கி அட்டையின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களாக அழையுங்கள். அரசாங்கத் தொகை என்றால் அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள்.

2. உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியாக இருப்பது உண்மைக்கு ஆதாரம் அல்ல.

3. "இன்றைக்குள்", "இன்னும் ஒரு மணி நேரத்துக்குள்" என்று விரட்டினால் கைப்பேசியைக் கீழே வையுங்கள். ஒரு குவளை தேநீர் குடித்துவிட்டு வீட்டில் ஒருவரிடமாவது காட்டுங்கள்.

4. ஒருமுறை எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். மகன் என்று சொன்னாலும், போலீஸ் என்று சொன்னாலும்.

5. யாருக்காவது பணம் போடச் சொன்னால், போலீசின் "செமாக் மியூல்" இணையத்தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். மோசடிப் புகார் உள்ள எண் என்றால் அது காட்டிக்கொடுக்கும்.

6. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே உங்கள் வங்கிக்கோ 997க்கோ அழையுங்கள். போலீசில் புகார் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

7. வேலை, கடன், வீடு, உதவித் தொகை பற்றிய செய்தி எதையும் அழிக்காதீர்கள். புரியாவிட்டால் அன்றைக்கே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். அம்மாவின் கைப்பேசியை, பக்கத்து வீட்டுப் பாட்டியின் கைப்பேசியை வாங்கி, வந்த செய்திகளைப் படித்துத் தமிழில் சொல்லுங்கள். சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். உங்களுக்கு எழுதப் படிக்கக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

நாம் கேட்க வேண்டியவை

வீட்டில் விழிப்பாக இருந்தால் மட்டும் போதாது. பட்டியல் வைத்திருப்பவர்களிடம் நாம் சேர்ந்து கேட்க வேண்டும்.

முதலாவது, உதவித் தொகை, சுகாதாரம், வேலை, கடன், கல்வி சம்பந்தப்பட்ட தானியங்கிச் செய்திகளில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். அதில் தமிழ் இருக்க வேண்டும். இரண்டாவது, நம் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி முழுமையாக இருக்க வேண்டும். பெயர் எழுத்து வேறுபாட்டால் யாருடைய பணமும் நிற்கக் கூடாது. மூன்றாவது, ஒவ்வொரு செய்திக்குப் பின்னாலும் பேசக்கூடிய ஒரு மனிதரும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். நான்காவது, தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தையும் அரசியல் கட்சிகளையும் கட்டுப்படுத்த வேண்டும். ஐந்தாவது, கைப்பேசி இல்லாதவருக்கும் அடையாள அட்டைக்குக் காத்திருப்பவருக்கும் காகிதக் கடிதமும் நேரில் பேசும் முகப்பும் தொடர வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதினாலும் சரி. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். நூறு குடும்பங்கள் தனித்தனியாக, தங்கள் சொந்தக் கையெழுத்தில், தங்கள் சொந்த வார்த்தையில் எழுதட்டும். இயந்திரம் நூறு பேருக்கு ஒரே வாசகத்தை அனுப்புகிறது. நாம் நூறு பேரும் அவரவர் வீட்டுக் கதையை எழுதுவோம். வாங்குகிறவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டவர்கள் நம் குரலையும் சேர்த்துக்கொள்ளட்டும்.